செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். 2011இல் வீடு கட்டினோம், அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான் டேங்க் எடுத்தோம், அதுவும் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். இந்தப் பொங்கலுக்குத் தங்கை குடும்பம் ஊரிலிருந்து வருகிறது என்றதும் மார்கழிக் கடைசியில் அவசர அவசரமாக லாரி கூப்பிட்டேன். 5,100 ரூபாய் கொடுத்தேன், வேலை நடக்கவில்லை, அதற்கு மேல் 26,000 ரூபாய் செலவு வந்தது, நல்லவேளையாக ஒரு பையன் உயிர் போகவில்லை. நடந்ததை முழுசாக எழுதுகிறேன், வேறு யாருக்கும் இது நடக்கக்கூடாது.

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரில் நம்பர் பார்த்துத்தான் கூப்பிட்டேன். போனில் 1,800 ரூபாய் என்றார்கள். டேங்க் எவ்வளவு பெரிசு, எத்தனை மூடி, கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எதையுமே கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் லாரி வந்து நின்றது. டிரைவரும் கூடவே ஒரு பையனும், இருபது வயது இருந்தால் அதிகம்.

மூடியைத் திறந்து பைப்பைப் போட்டார்கள், மோட்டார் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. "லாரி ஃபுல் சார், இன்னொரு லோடு வேணும்" என்றார் டிரைவர். லோடுக்கு 1,800 என்பது அப்போதுதான் தெரிந்தது. சரி, வேறு என்ன செய்வது, வீட்டில் நாற்றம், மூடி திறந்து கிடக்கிறது, ஒப்புக்கொண்டேன். லாரி போய் இருபது நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. "பெருங்குடியில கொட்டிட்டு வந்தோம்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்வர, ரோட்டில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் இருபது நிமிஷம் போதாது. மறுநாள் காலை நடக்கப் போனபோது, ஏரிக்குப் போகிற மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் கறுப்பாக ஈரம், சக்கரத் தடம், குடலைப் புரட்டுகிற நாற்றம். எங்கள் வீட்டுக் கழிவுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஏரியைச் சுற்றித்தான் எங்கள் எல்லோருடைய போர்வெல்லும் இருக்கிறது.

இரண்டாம் லோடு எடுக்கும்போது ஐந்து நிமிஷத்தில் பைப் இழுக்க முடியாமல் திணறியது. "அடியில கல்லு மாதிரி கெட்டியாயிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் அந்தப் பையனைப் பார்த்து, "இறங்கி கலக்கி விடுடா" என்றார். அவனும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "தம்பி, ஏறு மேல, மொதல்ல ஏறு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "பழகினவன்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார் டிரைவர். ஆகும். டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள், ஆனால் அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது எல்லாம் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒருவன் விழுந்ததும் அவனைத் தூக்க இறங்குகிறவனும் சேர்ந்து சாகிறான், பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். அப்படி யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

இதில் வீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்குக்குள் இறக்குவது குற்றம். லாரிக்காரர் மட்டுமல்ல, வேலை கொடுத்தவரும் மாட்டலாம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டு மலத்துக்காக ஒரு வீட்டுப் பிள்ளை சாவதா?

பையன் இறங்காததால் "கெமிக்கல் போட்டாத்தான் கரையும்" என்று ஒரு பாக்கெட் வெள்ளைப் பொடியைக் கொட்டி 1,200 ரூபாய், பைப் நீளம் கூடப் போட்டதற்கு 300. மொத்தம் 5,100. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், கீழே கறுப்பாகத் தரை தெரிந்தது, காலியாகிவிட்டது என்று நம்பிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். அது தரை இல்லை. இரண்டரை அடி உயரத்துக்கு இறுகிக் கிடந்த கசடு. மேலே நின்ற தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காணும் பொங்கலன்று வீட்டில் ஒன்பது பேர், டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை, பாத்ரூம் ஓரத்தில் எதிர்த்து வந்தது. தங்கை மாமியார் முன்னால் என் மனைவி கண் கலங்கி நின்றதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், முதல் தடவை "அனுப்பறோம் சார்", அப்புறம் எடுக்கவே இல்லை.

இரண்டாவதாக வந்தவர் உரிமம் வாங்கி லாரி ஓட்டுகிறவர், எதிர் வீட்டுக்காரர் சொல்லி வந்தார். போனிலேயே நீள அகலம் கேட்டார். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம், தண்ணீர் நிற்பது ஐந்தடி. அவர் அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னார்: 200 கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தமே 5,700 லிட்டருக்குள். முதலில் வந்த லாரியின் பக்கவாட்டில் 6,000 லிட்டர் என்று எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது இரண்டு முறை நிரம்ப என் டேங்கில் அவ்வளவு இடமே கிடையாது! பிறகு விசாரித்ததில், பின் தெருவில் ஒரு வீட்டில் எடுத்த கழிவோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பல லாரிகளில் பின்னால் அளவு காட்டும் கண்ணாடி இருக்கும். வந்ததும் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் காலி லாரிதானா என்று கேளுங்கள், பைப்பைப் போடும் முன்பே.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "ரெண்டாவது மூடி எங்க சார்?" எங்கள் டேங்கில் இரண்டு அறை. இரண்டாவது மூடியின் மேல்தான் கார் நிற்கிற இடத்தில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம், வீடு கட்டிய காலத்துப் போட்டோவைத் தேடி எடுத்துக் கொத்தனாரை வைத்து உடைத்தோம். முதலில் வந்தவர்கள் அந்த அறையைத் தொடவே இல்லை. டைல்ஸ் போடும் வீடுகள் தயவுசெய்து மூடிக்கு வழி விட்டுப் போடுங்கள், மூடி எங்கே இருக்கிறது என்று ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

இவர் செய்த விதமே வேறு. இரண்டு மூடியையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டார், பிள்ளைகளை வீட்டுக்குள்ளே அனுப்பச் சொன்னார், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக்கூடாது என்றார், ஏனென்றால் டேங்கிலிருந்து வரும் மீத்தேன் வாயு தீப்பிடிக்கும். லாரியைத் தெருவிலேயே நிறுத்தினார், டேங்க் சிலாப் மேல் ஏற்றினால் விரிசல் விடும். கெட்டியான கசட்டுக்கு யாரும் இறங்கவில்லை, பொடியும் போடவில்லை. நாங்கள் இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம், அதை ஊற்றி, லாரி பம்ப்பைத் திருப்பி ஊத வைத்துக் கலக்கி, மறுபடி உறிஞ்சினார். இப்படி மூன்று நான்கு முறை. முக்கால் மணி நேரம் ஆனது, வாங்கியது 2,500 ரூபாய். அடியில் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் பழைய கசட்டை விட்டுவிட்டார், கழிவை மக்கவைக்கும் கிருமிகள் மறுபடி பெருக அதுவே போதுமாம். பினாயில் ஊற்றிக் கழுவப்போன என்னைத் தடுத்துவிட்டார்.

அப்போதுதான் பெரிய நஷ்டம் கண்ணில் பட்டது. டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் 'T' எழுத்து வடிவில் டீ பைப் ஒன்று இருக்கும். மேலே ஆடைபோல் மிதக்கும் அழுக்கும் கீழே இருக்கும் கசடும் போகாமல் நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீர் மட்டும் போக அதுதான் காவல். எங்கள் டேங்கில் அது உடைந்து கிடந்தது. எப்போது உடைந்ததோ தெரியாது, அதை முதலில் வந்தவர்கள் மேல் போட மாட்டேன். ஆனால் கசட்டைக் கலக்கிவிட்டு அப்படியே விட்டுப் போனது அவர்கள்தான், கலங்கியது எல்லாம் உடைந்த பைப் வழியாக, டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய் ஜல்லியை அடைத்துவிட்டது. குழியைத் தோண்டி ஜல்லி மாற்றி, டீ பைப் புதிதாக வைத்து, டைல்ஸ் ஒட்ட எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய்.

"டேங்க் ஃபுல்லாயிடுச்சு" என்று நானும் சொல்லித்தான் முதல் ஆளைக் கூப்பிட்டேன். செப்டிக் டேங்க் எப்போதுமே வெளியேறும் பைப் மட்டம் வரை நிறைந்துதான் இருக்கும், அப்படித்தான் அது வேலை செய்கிறது. பார்க்க வேண்டியது கசடு எவ்வளவு என்பதை. நீளமான சவுக்குக் கம்பு ஒன்றின் அடியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டி, மூடியிலிருந்து தள்ளி நின்று அடிவரை மெதுவாக இறக்கி, சில நிமிஷம் வைத்து எடுத்தால் துணியில் கறுப்பு எதுவரை ஒட்டியிருக்கிறது என்று தெரியும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் லாரி கூப்பிடலாம். லாரி வேலையை முடித்ததும், பணம் கொடுக்கும் முன், இதே கம்பை மறுபடி இறக்குங்கள். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அவர்கள் கேட்டைத் தாண்டியிருக்க முடியாது.

பொதுவாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், எங்களைப் போல ஏழெட்டு வருஷம் விட்டால் இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கூடுமானவரை வேண்டாம், நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது உறிஞ்சுகுழி தண்ணீரை இழுக்காது, லாரியைக் குறை சொல்லியும் பயனில்லை. நாப்கின், டயபர், ஈர டிஷ்யூ, சமையல் எண்ணெய் எதுவும் டாய்லெட்டில் போகக்கூடாது. எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் இருந்தது, இப்போது நிறுத்திவிட்டோம். காற்றுப் போகிற பைப்பின் தலையில் கொசுவலை கிழிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

மின்கம்ப ஸ்டிக்கரை நம்பாமல், செப்டிக் டேங்க் எடுப்பதற்கான உதவி எண் 14420க்குக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் உள்ள லாரி எது என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு, எத்தனை லோடு, எங்கே கொட்டுவார்கள், இதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லாரி வந்ததும் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் புகார் கொடுக்கப் போனபோது என்னிடம் ஒரு செல்போன் நம்பரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மார்கழிக் கடைசியில் எங்கள் பக்கம் வேறு யார் வீட்டுக்காவது 6,000 லிட்டர் லாரி வந்து, இரண்டு லோடு, வெள்ளைப் பொடி என்று பணம் வாங்கியிருந்தால், இன்றைக்கே ஒரு கம்பை இறக்கிப் பாருங்கள். அந்த வண்டி நம்பர் உங்களிடம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.