450 ரூபாய்த் தேர்வும் விடுபட்ட ஒரு பூஜ்ஜியமும்

மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே உள்ள ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, வெளி நிறுவனம் ஒன்று நடத்தும் தரப்படுத்தப்பட்ட அடைவுத் தேர்வை, அதாவது பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று அளக்கும் தேர்வை, பள்ளி வழியாக எழுதினாள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என மூன்று தாள்கள், தாளுக்கு 40 வினாக்கள், எல்லாமே ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் முறை. கட்டணம் 450 ரூபாய். இந்த ஆண்டும் அதே படிவம் வந்திருப்பதால், பணம் கட்டலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று நான் கண்டதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இதற்குத் தேவையில்லை.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்றால் கடினமான தேர்வு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே அறிவுரை, ஒரே திருத்தும் முறை என்பதுதான் அதன் பொருள். அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் தேர்வறை. தேர்வு நடந்ததோ ஆடி வெள்ளிக்கிழமை. தெருமுனை மாரியம்மன் கோயிலின் மைக் செட், என் மகள் அமர்ந்திருந்த அறையின் சன்னலுக்கு நேராகக் கட்டப்பட்டிருந்தது. அவளுடைய பிரிவில் அறிவுரைகளை ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்ததோடு சரி; அடுத்த பிரிவில் ஆசிரியை ஒருவர் அவற்றைத் தமிழில் விளக்கியதோடு, இரண்டொரு வினாக்களின் பொருளையும் சொல்லிவிட்டதாகப் பிள்ளைகளே வந்து சொன்னார்கள். ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை, யார் மனமும் இளகத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு பிரிவுகளின் மதிப்பெண்களை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவதற்கு அதன்பின் என்ன நியாயம் இருக்கிறது? நிறுவனத்திலிருந்து கண்காணிக்க ஒருவரும் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் முழுவதும் அதே பாணியிலான பயிற்சிக் கையேட்டை வகுப்பில் ஓட்டியிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரம் கழித்து எட்டுப் பக்க அறிக்கை வந்தது. பளபளப்பான தாள், வண்டியின் ஸ்பீடோமீட்டர் போன்ற படங்கள், பாடத்துக்கொரு நிறம். கணக்குக்கு நேராக 38 பெர்சன்டைல் என்று இருந்தது. என் தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டுன்னா பாஸ்தானப்பா, முப்பத்தஞ்சுக்கு மேல மூணு கூடத்தான வாங்கிருக்கா, பிள்ளையத் திட்டாத" என்றார். பேத்தி மேல் அப்பத்தாவுக்கு உள்ள பரிவு அது. ஆனால் பட்டம் படித்த பெற்றோர் பலரும் பள்ளி வாசலில் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு எவ்வளவு என்னும் மதிப்பெண் அல்ல. ஒப்பீட்டுக் குழுவில் நூற்றுக்கு எத்தனை பேரைவிட இந்தப் பிள்ளை கூடுதலாகப் பெற்றிருக்கிறது என்னும் வரிசை. என் மகள் கணக்கில் 40-க்கு 23 சரியாக எழுதியிருந்தாள் என்பதே எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகள் நடுவில்தான் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பதால், அந்த இடத்தில் ஒரு வினா கூடினாலோ குறைந்தாலோ பெர்சன்டைல் பல படிகள் தாவிவிடும். நல்ல அறிக்கை இந்தப் பிழை எல்லையை அச்சிட்டிருக்கும். இதில் 38 என்ற எண், கல்வெட்டில் பொறித்தது போல் தனியாக நின்றது.

யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. 'தேசிய அளவில்' என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த விற்பனைப் பிரதிநிதியும், அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வைப் போன்றதுதான் இது என்றார். அந்த ஒப்பீடு பொருந்தாது. 2017-லும் 2021-லும் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு மத்திய அரசின் மதிப்பீட்டு அமைப்பான 'பரக்' நடத்திய ஆய்வும் மாதிரிக் கணக்கெடுப்புகள். தேர்ந்தெடுத்த பள்ளிகளில் தேர்வு வைத்து, மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்கானவை. தனியொரு பிள்ளைக்கு அவை சான்றிதழ் தருவதில்லை. இந்த நிறுவனத்தின் ஒப்பீட்டுக் குழுவோ, பணம் கட்டி எழுதிய பிள்ளைகள் மட்டுமே. அவர்கள் எந்த ஊர், எந்தப் பயிற்றுமொழி, எத்தனை பேர் என்று எட்டுப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, வினாத்தாளைப் பாராட்டாமல் விட்டால் அது நேர்மையாகாது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசி, விடைப்பதிவை, அதாவது எந்த வினாவுக்கு அவள் எந்த விடையைக் குறித்தாள் என்ற பதிவை, கேட்டு வாங்கினேன். மரியாதையாகவே பேசினார்கள், பதினைந்து நாள் ஆயிற்று. வந்த தாளில் 816-ஐ 4-ஆல் வகுக்கும் கணக்கு ஒன்று இருந்தது. என் மகள் கருப்பாக்கியிருந்த விடை 24. அதே வகையில் இன்னும் இரண்டு கணக்குகள், அவற்றிலும் அதே பிழை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து என் எதிரில் போடச் சொன்னேன். 8-இல் 4 இரண்டு முறை என்று 2-ஐ எழுதினாள், 1-ஐ இறக்கினாள், 1-இல் 4 போகாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, மேலே பூஜ்ஜியம் போடாமல் 6-ஐயும் இறக்கி, 16-இல் நான்கு முறை என்று முடித்துவிட்டாள். 204 என்று வர வேண்டியது 24 ஆகிவிட்டது. வகுத்தல் அவளுக்குத் தெரியும், வாய்ப்பாடும் தெரியும். போகாத இடத்தில் பூஜ்ஜியம் போட வேண்டும் என்ற ஒன்றுதான் விடுபட்டிருந்தது.

வினாவைத் தயாரித்தவருக்கு இந்தப் பிழை நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் 24 என்பதை நான்கு விடைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார். நல்ல அடைவுத் தேர்வின் கைத்திறன் தவறான விடைகளில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களையே அவர்கள் விடைகளாக வைப்பார்கள். ஆக, என் மகள் எங்கே சறுக்கினாள் என்பது நிறுவனத்தின் கணினிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அறிக்கையில் அச்சானதோ 'வகுத்தல்: கவனம் தேவை' என்ற ஒரு வரி. ஸ்பீடோமீட்டருக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் 450 ரூபாய் கொள்ளை மலிவு என்று எழுதியிருப்பேன்.

இன்னொரு கணக்கில் அவள் செய்த பிழை என்னை வேறு விதமாக யோசிக்க வைத்தது. மீனாவிடம் 52 மணிகள், ரவியிடம் 37. மீனாவிடம் 'ஹவ் மெனி மோர்' என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். 'மோர்' என்றதும் கூட்டி, 89 என்று குறித்திருந்தாள். "ரவிய விட மீனாகிட்ட எத்தனை மணி கூட இருக்கு?" என்று வீட்டில் கேட்டபோது, விரலைக்கூட மடக்காமல் 15 என்றாள். அந்த வினா அளந்தது அவளுடைய ஆங்கிலத்தை. மதிப்பெண் குறைந்ததோ கணக்கில்.

மதுரையில் பிள்ளைகளின் கல்வித் திறனை அளப்பதாகச் சொல்லும் தேர்வில் தமிழ்த் தாள் இல்லை என்பது எனக்குச் சிறிய குறையாகத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். அவன் தமிழில் மொட்டு என்று அவனுடைய ஆசிரியை சொன்னதும், அவனுக்கு எது கைவந்திருக்கிறது, அடுத்து எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவன் தாயாருக்குப் புரிந்துவிட்டது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்விலும் இதே எளிமை உண்டு: வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, எழுத்து, சொல், பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். போல உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும் தேர்வென்றால் வரிசை வேண்டும்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு வரிசையைச் சொல்லி என்ன செய்யப்போகிறோம்?

வினாத்தாளுக்கு ஐந்துக்கு நான்கு, தேர்வு நடத்திய விதத்துக்கு இரண்டு, அறிக்கைக்கு ஒன்று என்பது என் கணிப்பு. இந்த ஆண்டுப் படிவத்தில் நேற்று கையெழுத்திட்டேன். அதன் கீழே, அறிக்கையோடு வினாத்தாளும் விடைப்பதிவும் வேண்டும், அவை வராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "சார், இப்படி யாரும் எழுதித் தர்றதில்லையே" என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.