எடை ஏறும், தசை ஏறாது: கெய்னர் டப்பாவில் ஏமாறுவது இப்படித்தான்

ஒல்லியாக இருப்பவர் ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழும் யோசனை இது: "மாஸ் கெய்னர் எடுங்க, மாசத்துல அஞ்சு கிலோ ஏறும்." பாலிலோ தண்ணீரிலோ கலந்து குடிக்கும் எடை கூட்டும் தூள்தான் இந்த மாஸ் கெய்னர். எடை ஏறத்தான் செய்யும். என்ன ஏறும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 50 கிராம் புரதம் என்று இருக்கும். பின்னால் திருப்பிப் பாருங்கள். ஒரு வேளைக்கு 330 கிராம் தூள், அதில் 250 கிராம் மாவுச்சத்து, பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மலிவான, சீக்கிரம் செரிக்கும் மாவுப்பொருள், மொத்தம் 1,250 கலோரி என்பது இந்த வகையில் சாதாரணமாகக் காணும் கணக்கு. புரதம் 15 சதவீதம்தான். ஒரு மாதம் வரும் என்று வாங்கிய 2.7 கிலோ டப்பா எட்டே வேளையில் காலி.

வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 1,250 கலோரி என்றால் 30 நாளில் 37,500. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி போதும். புதிதாகப் பளு தூக்குபவருக்கு மாதம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ தசை வந்தாலே நல்ல வளர்ச்சி. மிச்சமெல்லாம் தொப்பையும் நீரும். வயிறு தள்ளுகிறதே என்று கேட்டால், "இது பல்க்கிங், அடுத்தது கட்டிங்" என்பார்கள்; அதாவது முதலில் எடை ஏற்றுவது, பிறகு கொழுப்பைக் குறைப்பது. கட்டிங்குக்கும் ஒரு டப்பா வைத்திருப்பார்கள்!

சரி, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதத் தூளான வே புரோட்டீனே வாங்குவோம் என்றால் அங்கே வேறு தில்லுமுல்லு. பரிசோதனையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் அதிகமுள்ள மலிவான அமினோ அமிலமான கிளைசினைக் கலந்தால் 100 கிராம் கிளைசின் 117 கிராம் புரதமாகக் கணக்கில் வரும். ஜிம்மில் பலரும் எடுக்கும், நைட்ரஜன் உள்ள கிரியேட்டின் இன்னும் மோசம், இரட்டிப்பாகக் காட்டும். பொருட்பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக எழுதியிருந்தால், அல்லது அளவு சொல்லாமல் 'பிளெண்ட்' (கலவை) என்று மட்டும் இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். நல்ல வேயில் 25 கிராம் புரதத்துக்கு தசை வளர்ச்சியைத் தூண்டும் அமினோ அமிலமான லூசின் சுமார் 2.5 கிராம் இருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது லேபிளே இல்லாமல் 'இயற்கை மூலிகை' என்று விற்கும் எடை கூட்டும் பொடியும் மாத்திரையும்தான். இவற்றில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டும், பசியைக் கிளப்பும் சைப்ரோஹெப்டடினும் கலந்து பிடிபட்டிருக்கின்றன. இரண்டே வாரத்தில் பசி பொங்கி, முகம் உப்பி உருண்டையானால் அது சதை பிடிப்பதல்ல. இந்த வகை ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கக்கூடும். பொடியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கொழுப்பு ஏறாமல் தசை ஏற, எடை மாறாமல் நிற்கும் சாப்பாட்டுக்கு மேல் 200 முதல் 300 கலோரி போதும். அரை லிட்டர் பாலே இதை நிரப்பிவிடும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம்: 60 கிலோ ஆளுக்கு 96 கிராம், மூன்று நான்கு வேளையாக. ஒவ்வொரு தசைக்கும் வாரம் 10 செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்குவது ஒரு செட்), இரண்டு நாளாகப் பிரித்து. ஒரு செட்டில் தூக்கும் எண்ணிக்கை சுலபமாகும்போது பளுவைக் கூட்ட வேண்டும். இதை விட்டால் எந்தப் புரதமும் உதவாது.

காலையில் கழிவறை போய் வந்ததும் எடை பாருங்கள், ஏழு நாள் சராசரியை எடுங்கள். கையில் மின்சாரம் செலுத்திக் கொழுப்பு சொல்லும் ஜிம் மெஷினை நம்ப வேண்டாம், தண்ணீர் குடித்தாலே எண் மாறும். தொப்புள் மட்டத்தில் அளவு நாடா போதும். நாலு வாரத்தில் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறி, இடுப்பும் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தால் தினம் 150 கலோரி குறையுங்கள்.

ஏற்கெனவே கெய்னர் வாங்கியிருந்தால் எறிய வேண்டாம். கால் வேளை அளவு, அதாவது 80 கிராம், தினம் ஒரு தடவை. அந்த 300 கலோரியோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்குக் கூடுதலாகக் குடிக்கும் பாலை விட்டுவிடுங்கள்.