வாய்ப் புற்றுநோய் முகாமுக்கு 405 நானோமீட்டர் ஒளிக்கருவி: வாங்கலாமா?

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு முகாம் நடத்தும் பல் டாக்டர்கள் இந்த ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தாராளமாக வாங்கலாம். ஊதா லேசரை ஒளியிழை வழியே சதையில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு என்று கோடாக வரைந்து காட்டும் கருவி இது. ஆனால் புற்றுநோயா இல்லையா என்று இது சொல்லாது. பயாப்சிக்கு எந்த இடத்தில் சதை எடுக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். முடிவு சொல்ல கோரிமேடு ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிதான்.

ஊதா ஒளி பட்டால் நல்ல சதையில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 500 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாக மிளிரும். கெட்டுப்போன இடத்தில் மேல்தோல் தடித்து, கொலாஜன் சிதைந்து, ரத்தக்குழாய் கூடுவதால் பச்சை இறங்கும். ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குவதால் கோட்டில் 542, 577 நானோமீட்டரில் இரண்டு பள்ளம் விழும். 635-இல் சிவப்பு முகடு வந்தால் உடனே பதற வேண்டாம். அது போர்ஃபிரின் என்ற நிறமி. நாக்கின் மேல் படிந்த பாக்டீரியாவும் அதைத் தரும்.

தவறு பெரும்பாலும் கையில்தான் நடக்கிறது. ப்ரோபை, அதாவது சதையில் வைக்கும் ஒளியிழை முனையை, அழுத்தினால் அந்த இடத்து ரத்தம் விலகிவிடும். பள்ளங்கள் ஆழம் குறைந்து, பச்சை ஏறி, சந்தேகப்பட வேண்டிய இடம் நல்ல இடம் போலத் தெரியும். முனை தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், சதை வெளுக்கவே கூடாது. ஒரே இடத்தில் மூன்று முறை எடுங்கள். மூன்று கோடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் கை ஆடியிருக்கிறது.

முகாம் நடக்கும் கல்யாண மண்டபத்தில் பழைய டியூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். அதன் பாதரசக் கோடு 546-இல் வந்து 542 பள்ளத்தை மறைத்துவிடும்.

அளக்கும் முன் நோயாளி இரண்டு முறை வாய் கொப்பளிக்கட்டும், பிறகு காஸ் துணியால் கறையைத் துடையுங்கள். முதலில் லேசரை அணைத்து இருட்டுக் கோடு, அடுத்து எதிர்ப்பக்கக் கன்னத்தின் அதே இடம், கடைசியில் புண். பாக்கு போட்டு வாய்ச்சதை இறுகி, வாய் திறக்க முடியாத சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்காரர்களுக்கு இரண்டு கன்னமும் பாதித்திருக்கும், அங்கே இந்த ஒப்பீடு செல்லாது. சாதாரண வாய்ப்புண், ஈறு வீக்கத்திலும் பச்சை இறங்கும். இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடி அளக்க வேண்டும்.

முனையில் மாட்ட, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் உறையை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் 405-இல் தானே மிளிரும். வெறும் உறையை மாட்டி ஒரு கோடு எடுத்துப் பாருங்கள். மிளிர்ந்தால் அந்த ரகம் வேண்டாம். கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நீலம் வெளிர் சிவப்பானதும் மாற்றுங்கள்.