கார் கூரையா, டிக்கி ஓரமா, பம்பரா: ஆன்டெனாவுக்கு எது இடம்?

காரில் 2 மீட்டர் பேண்ட் (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) ஹாம் செட், அதாவது அமெச்சூர் ரேடியோ, பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆன்டெனா எங்கே உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன்.

145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி சுமார் அரை மீட்டர் இருக்கும். ஆன்டெனாவில் கம்பி ஒரு பாதிதான், அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகத் தகடு மறுபாதி. சுற்றிலும் அரை மீட்டராவது தகடு இருந்தால் அலை எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் போகும். காரில் அதற்கு வாய்ப்புள்ள இடம் கூரையின் நடுதான். அங்கே 19 மி.மீ. துளை போட்டு என்எம்ஓ மவுண்ட் (ஆன்டெனாவைத் திருகிப் பொருத்தும் அடிப்பாகம்) வைப்பதே என் முதல் தேர்வு. துளை என்றதும் பலர் தயங்குகிறார்கள். வெட்டிய விளிம்பில் துரு பிடிக்காத பெயிண்ட் பூசி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்தால் மழைநீர் இறங்காது. கேபிள் மட்டும் பக்கவாட்டு ஏர்பேக்குக்குக் குறுக்கே போகக் கூடாது. இதில் அலட்சியம் வேண்டாம்.

துளைக்க மனமில்லையா? அதே இடத்தில் காந்த மவுண்ட். பெயிண்ட் நடுவில் இருந்தாலும் இந்த அலைவரிசையில் தகட்டோடு இணைப்பு போதுமான அளவு கிடைத்துவிடும். அடியில் தூசி சேர்ந்தால் பெயிண்டில் கீறல் விழும், கதவிடுக்கில் கேபிள் நசுங்கும். அலுமினியக் கூரையிலும் ஃபைபர் கூரையிலும் ஒட்டவே ஒட்டாது. ஃபைபர் கூரைக்குத் தகடு தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவே சரி.

டிக்கி ஓர மவுண்ட் பார்க்க அழகு. ஆனால் செடானில் பயணிகள் பகுதி அதைவிட உயரமாக எதிரே நிற்கிறது. தகடு அதிகம் உள்ள பக்கம்தான் அலை சாயும் என்பதால் எல்லாத் திசையும் சமமாக இருக்காது. ஹேட்ச்பேக்கில் பின்கதவின் மேல்விளிம்பு கூரை உயரத்திலேயே இருப்பதால் அங்கே தாராளமாக வைக்கலாம். மவுண்டை இறுக்கும் திருகின் முனை பெயிண்டைத் தாண்டி உலோகத்தைத் தொட வேண்டும். கீல் வழியாகக் கிடைக்கும் எர்த்தை நம்பாமல், கதவையும் பாடியையும் பின்னல் பட்டையால் இணைத்துவிடுங்கள்.

பானட் ஓரத்தில் வைத்தால் எஞ்சின் இரைச்சல் செட்டில் கேட்கும். பம்பர், எச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான) அலைவரிசைகளின் நீளக் கம்பிகளுக்கான இடம். அரை மீட்டர் கம்பியை அங்கே வைத்தால் காரின் உடலே அதை மறைத்துவிடும். கண்ணாடியில் ஒட்டுவதை நான் சிபாரிசு செய்வதில்லை, உலோகம் கலந்த ஃபிலிம் இருந்தால் சுத்தமாக வேலை செய்யாது.

எங்கே வைத்தாலும் கேபிளைத் தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஆர்ஜி-58 கேபிள் ஐந்து மீட்டரில் ஏறக்குறைய 1 டெசிபல் தின்றுவிடும், அதாவது 50 வாட்டில் சுமார் 10 வாட். அப்புறம் காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, கதவுகளை மூடிவிட்டு எஸ்டபிள்யூஆர் (செட் அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எந்த அளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) பாருங்கள். 1.5-க்குக் கீழே இருந்தால் திருப்தியாகப் பேசலாம்.