பார்ம்.டி. மாணவர்களுக்கு எம்.எல்.க்யூ. வினாத்தாள்: வாங்கலாமா?

மருந்தியல் படிப்பான பார்ம்.டி. மாணவர்களின் தலைமைப் பாணியை அளக்க, மைண்ட் கார்டன் நிறுவனம் விற்கும் எம்.எல்.க்யூ. (மல்டிஃபேக்டர் லீடர்ஷிப் க்வெஸ்டனர்) வினாத்தாளை வாங்கலாம். ஆனால் மாணவர் தன்னைப் பற்றித் தானே நிரப்பும் தாளை மட்டும் வாங்கினால் காசு வீண். தன்னைப் பற்றிக் கேட்டால் யாரும் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்கள். கூட வேலை செய்தவர்கள் நிரப்பும் தாளும் சேர்ந்தால்தான் விஷயம் தெரியும். மூன்று பேருக்குக் குறையாமல் நிரப்பட்டும். ஒருவரே என்றால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும், உண்மை வராது.

தலைமைத்துவ ஆய்வாளர்கள் பெர்னார்ட் பாஸும் புரூஸ் அவோலியோவும் உருவாக்கிய இந்த வினாத்தாளில் 45 கேள்விகள், 0 முதல் 4 வரை மதிப்பெண். பாணியைப் பற்றிய 36 கேள்விகள் ஒன்பது பிரிவாக, பிரிவுக்கு நான்கு. மீதி 9 விளைவைப் பற்றியவை. பிரிவுக்குச் சராசரிதான் எடுக்க வேண்டும். விடுபட்ட கேள்வியை 0 என்று போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. 4, 3, 3 போட்டு ஒன்றை விட்டவருக்குச் சராசரி 3.3, பூஜ்யம் போட்டால் 2.5 ஆகிவிடும்.

முதலாண்டில் கொடுக்காதீர்கள். தான் வழிநடத்த ஒரு குழுவே இல்லாதவர் கற்பனையில்தான் பதில் எழுதுவார். 6-ம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் பொது மருத்துவத்தில் இருக்கும் ஆறு மாதம் முடியும் நேரம் பொருத்தமானது. சேர்ந்து வேலை பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். ஆனால் இதை இன்டர்னல் மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள், போட்டால் எல்லாத் தாளிலும் 4 தான் இருக்கும்.

மருந்தியல் மாணவர்களிடம் பெரிதாகச் சறுக்கும் இடம், பிழைகளைத் தேடிக் கண்காணிக்கும் பாணியைப் பற்றிய நான்கு கேள்விகள். வாரம் ஒருமுறை தர வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைத் தினமும் என்று மருந்துச் சீட்டில் எழுதியிருந்தால், அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இவர்கள் வேலையே. அந்த நினைப்பிலேயே நான்குக்கும் 4 போடுவார்கள். அறிக்கையோ, கூட இருப்பவரிடம் குற்றம் மட்டும் பார்ப்பவர் என்ற சாயலில் வரும். நல்ல மாணவியை இது நோகடிக்கும். கேள்வியின் வாசகத்தில் கை வைக்கக் கூடாது. அதனால், சீட்டுச் சரிபார்ப்பை விட்டுவிட்டு வார்டில் தன் குழுவினரிடம் நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் எண்ணிப் பதில் எழுதும்படி, தாளைக் கொடுக்கும் முன்பே எல்லோருக்கும் வாயால் சொல்லிவிடுங்கள்.