ஊனோவுக்கு எந்த ஈதர்நெட்: ஈஎன்சி28ஜே60-ஆ, டபிள்யூ5500-ஆ?

சம்மாந்துறையில் ஒரு நெல் மில். களஞ்சியத்துக்குள் இருக்கும் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளந்து ஆபீஸ் கணினியில் காட்ட வேண்டும். முதலில் வைஃபையில்தான் முயன்றோம். தகரக் கூரை, தகரச் சுவர், இடையில் பெரிய மோட்டார்கள்; சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. "கேபிளையே இழுங்க தம்பி, பிறகு தலையிடி வேணாம்" என்றார் மில் காக்கா (அண்ணன்). என்னிடம் இருந்தது ஆர்டுயினோ ஊனோ (ஆர்3) என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. அதில் லேன் கேபிளைப் பொருத்த உதவும் ஈதர்நெட் சிப்புகள்தான் ஈஎன்சி28ஜே60-உம் (சுருக்கமாக ஈஎன்சி) டபிள்யூ5500-உம்; இரண்டின் மொடியூல்களையும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன்.

இரண்டுமே எஸ்பிஐ (சிப்புகள் சில வயர்களில் தரவைப் பரிமாறும் முறை) வழியாகத்தான் பேசும். ஊனோவில் 11, 12, 13 ஆம் பின்கள், சிப் தெரிவுக்கு வழக்கமாக 10. வயரிங் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மைக்ரோசிப் நிறுவனத்தின் ஈஎன்சி, மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் லொறி மாதிரி. பிரிப்பது, எண்ணுவது, அடுக்குவது எல்லாம் ஊனோவின் பாடு, அதாவது வலையமைப்பில் பேசும் விதிமுறையான டிசிபி/ஐபி முழுவதையும் உங்கள் புரோகிராம்தான் சுமக்க வேண்டும். கொரியாவின் விஸ்நெட் செய்யும் டபிள்யூ5500 அந்த வேலையைச் சிப்புக்குள்ளேயே முடித்துவிடும். ஒரே நேரத்தில் 8 இணைப்புகளைத் தாங்கும், 32 கிலோபைட் நினைவகம் தனியாக வைத்திருக்கிறது.

ஊனோவின் ராம் மொத்தமே 2 கிலோபைட் என்பதை நினைத்துப் பாருங்கள். முழு அளவு ஈதர்நெட் பொதி ஒன்று 1518 பைட் வரை வரும். ஈஎன்சிக்கான ஈதர்கார்ட் லைப்ரரியின் உதாரணங்களில் பொதியைத் தற்காலிகமாக வைக்க 700 பைட் அளவில் பஃபர் ஒதுக்கியிருப்பார்கள். ராமில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. வெப்பநிலையை மட்டும் யூடிபியில் (பதிலுக்குக் காத்திராத எளிய அனுப்பும் முறை) அனுப்பியபோது என் பலகை ஒழுங்காக ஓடியது. அதிலேயே ஒரு சின்ன வலைப்பக்கமும் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன், அன்றிலிருந்து ரீசெட்தான். டபிள்யூ5500-க்கு மாற்றி, ஆர்டுயினோவின் வழக்கமான ஈதர்நெட் லைப்ரரியைப் போட்டதும் அடங்கியது. வேகத்தில் ஈஎன்சி 10 மெகாபிட், மற்றது 100. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு எண்களை அனுப்புகிறவருக்கு இந்தக் கணக்கு எதற்கு?

இன்னொரு விஷயத்தில் ஈஎன்சியின் மேல் வீண்பழி நிறைய. அது 3.3 வோல்ட்டில் 180 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். ஊனோவின் 3.3 வோல்ட் பின் தரக்கூடியதோ 50 தான். நானும் முதலில் அந்தப் பின்னிலேயே மாட்டினேன். லைட் எரியும், பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பொதி) கூட ஒன்றிரண்டு போகும், அப்புறம் மௌனம். சிப் பழுது என்று ஒரு பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு, 5 வோல்ட்டிலிருந்து ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்றை வைத்தேன். சரியாகிவிட்டது. டபிள்யூ5500-உம் 100 மில்லிஅம்பியருக்கு மேல் எடுப்பதால் அதற்கும் இதே வைத்தியம்தான். ரெகுலேட்டரோடு வரும் மொடியூலாக வாங்கினால் வேலை மிச்சம். ஊனோவுக்கு 12 வோல்ட் அடாப்டரும் போடாதீர்கள், 5 வோல்ட் ரெகுலேட்டர் கொதித்துப்போகும். நல்ல ஃபோன் சார்ஜர் போதும். ஈஎன்சி சிப் தொட்டால் சுடுவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஜம்பர் வயரை ஒரு சாணுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் வேண்டுமென்றால் லேன் கேபிளில் நீட்டுங்கள், 100 மீற்றர் வரை போகும்.

வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் மேக் முகவரி இரண்டு சிப்பிலும் கிடையாது, புரோகிராமில் நாமே எழுத வேண்டும். மில்லில் இரண்டாவது பலகையை வைத்தபோது உதாரணப் புரோகிராமை அப்படியே கொப்பி அடித்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒன்று வந்தால் மற்றது காணாமல் போகும். கேபிளை மூன்று தரம் மாற்றிய பிறகுதான் புத்தி வந்தது.

ஆகவே ஊனோவோ அதன் சிறிய வடிவமான ஆர்டுயினோ நானோவோ வைத்திருப்பவருக்கு என் தெரிவு டபிள்யூ5500. ஈஎன்சி மலிவுதான், ஆனால் மிச்சம் பிடித்த காசை ராத்திரித் தூக்கத்தில் கட்ட வேண்டி வரும். கையில் ஏற்கெனவே கிடந்தால் எறிய வேண்டாம்: அளவீடு அனுப்பும் வேலைக்கு அது தாராளம். மில் வாசல் பக்கத்துப் பலகையில் இப்போதும் அதுதான் ஓடுகிறது.

புதிதாகப் பலகையே வாங்கப்போகிறீர்கள் என்றால் ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சிப்பும் லேன்8720 என்ற ஈதர்நெட் சிப்பும் சேர்ந்த கூட்டையும் பாருங்கள். ராம் கவலை இல்லை. ஆனால் அதற்கு 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேண்டும். அது வழக்கமாக ஈஎஸ்பி32-இன் ஜிபிஐஓ0 பின்னில் போகும், தொடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் பூட் பின்னும் அதுவேதான். தனி மொடியூலை வயரால் இழுத்துக் கட்டி மல்லுக்கட்டாமல், இரண்டும் ஒரே பலகையில் பதித்து வருவதாக வாங்குங்கள்.