சக்குலன்ட் இலைப் பக்கற் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்கோ

சக்குலன்ட் என்றால் தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி. "இருபது வகை சக்குலன்ட் இலை, ஒரு பக்கற் 3,200 ரூபா, எல்லாமே முளைக்கும்" என்று முகநூலில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. பார்த்தவுடன் காசு போட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்னொருவர் போடாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியின் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. பல்கனியில் உப்புக்காற்று. கற்றாழையையும் ஒரு ஜேட் செடியையும் தவிர எதுவும் நிற்காது. ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காய் இருக்கிற எச்செவேரியா மேல் எனக்குக் கனநாள் ஆசை. முழுச்செடி விலை கூட, இலை மலிவு. "நம்மட கட்டிப்போட்டால் குட்டிபோடும் மாதிரித்தான் அக்கா, இலையை வச்சாலே போதும்" என்று விளம்பரம் போட்ட தம்பி எழுதியதும் எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்கிற அந்தச் செடியின் இலையைக் கொப்பிக்குள் வைத்து, நாலு நாள் கழித்துத் திறந்தால் ஓரத்தில் வரிசையாய்க் குட்டிகள். பிறகென்ன, வங்கிக்குக் காசு போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூரியருக்கு 450 ரூபா வேறு. பார்சலைப் பார்த்துவிட்டுக் காசு தரலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பார்சல் பார்க்க நல்ல வடிவு. ஒவ்வொரு இலையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. நான் முறைப்படிதான் எல்லாம் செய்தேன். நாலு நாள் நிழலில் காய வைத்தேன். பிறகு பருமணலும் செங்கல் நொறுக்கும் கலந்த தட்டில், புதைக்காமல் மேலே கிடத்தினேன். 'விசேட மண்' என்று 500 ரூபாவுக்கு அவர் தலையில் கட்டியது வெறும் தும்புத்தூள். அது நீரைப் பிடித்து வைத்திருக்கும், இந்தச் செடிகளுக்கு ஆகாது, அந்தளவுக்காவது எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் கொட்டினேன்.

பத்தாம் நாள் இலைகள் ஒவ்வொன்றாய்க் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் தண்ணீர் கசிந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.

"அக்கா, தண்ணி கூட விட்டுட்டீங்க போல."

"தம்பி, நான் ஒரு சொட்டும் விடேல்லை."

"அப்ப காத்தில ஈரப்பதன் கூட. கொழும்பில அப்படித்தான்."

கொழும்பில் அப்படித்தான் என்றால் கொழும்புக்காரியிடம் ஏன் விற்றார் என்று கேட்டேன். பதில் இல்லை.

விசயம் வெளித்தது மேல்மாடி அன்ரியால். இடியப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவ, என் மணல் தட்டில் மிச்சமிருந்த இலையொன்றைத் திருப்பிப் பார்த்தா. "பிள்ளை, இது பிடுங்கின இலை இல்லை. கத்தரிக்கோலால வெட்டினது. குருத்து வாற இடம் தாய்ச்செடியிலயே நிண்டிட்டுது."

பிறகு மேலே கூட்டிக்கொண்டு போய்த் தன் கோஸ்ட் பிளான்ட் என்ற இன்னொரு சக்குலன்டில் ஓர் இலையைப் பிடித்து, இடமும் வலமும் மெல்ல ஆட்டினா. டக் என்று கழன்று வந்தது. அடியில் நகத்தின் பிறை மாதிரி வெள்ளையாய் ஒரு வளைவு, ஒரு துளி கிழிசல் இல்லை. எச்செவேரியாவிலும் கோஸ்ட் பிளான்டிலும் வேரும் குட்டியும் அந்த அடியிலிருந்துதான் வரும். கட்டிப்போட்டால் குட்டிபோடும் இலைக்குத்தான் ஓரமெல்லாம் குருத்து. ஆறாம் வகுப்புப் பாடத்தை எல்லாச் செடிக்கும் பொருத்தினது என் பிழை. அதைத் தெரிந்துகொண்டே விளம்பரத்தில் போட்டது அவருடைய கெட்டித்தனம்.

இதைவிட மோசம் இனித்தான். அன்ரி இரண்டு துண்டுகளை எடுத்து வெட்டின பக்கத்தை ஒட்டிப் பிடித்தா. கச்சிதமாய்ப் பொருந்தியது! ஒரே இலையை நடுவில் வெட்டி, மேல் துண்டுக்கு 'லோலா' என்றும் கீழ்த் துண்டுக்கு 'பேர்ள் வொன் நூர்ன்பெர்க்' என்றும் இரண்டு எச்செவேரியா வகைகளின் பெயரை ஒட்டியிருக்கிறார். தரையில் இருந்துகொண்டு மற்றதையும் பொருத்திப் பார்த்தோம். நாலு சோடி. இருபது துண்டு, பதினாறு இலை. அதில் அடி முழுசாய் இருந்தது இரண்டே இரண்டு.

அதே பார்சலில் மஞ்சள் கரை போட்ட பாம்புச்செடியின் இலைத்துண்டு மூன்றும் வாங்கியிருந்தேன், 900 ரூபா. அவை அழுகவில்லை. இரண்டரை மாதத்தில் வேர் விட்டு, பிறகு ஒன்றில் குட்டியும் வந்தது. தனிப் பச்சை. மஞ்சள் மருந்துக்கும் இல்லை. இலைத்துண்டிலிருந்து வரும் குட்டிக்கு அந்த மஞ்சள் கரை வராது. கிழங்கோடு பிரித்து நட்டால்தான் வரும். "குட்டியும் இதே மாதிரி" என்று படம் போட்டு விற்றவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதும் வட்ஸ்அப்பில் என்னை முடக்கிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஸ்லிப்பையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் வாங்கியிருந்தால் வைத்திருங்கோ.

எப்படியும் இலைதான் வாங்குவேன் என்கிறவர்கள் பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிற செடிக்கடைகளுக்குப் போய், செடியில் இருக்கும்போதே பார்த்து, உங்கள் கண்முன்னால் கழற்றித் தரச் சொல்லுங்கோ. தூரத்திலிருந்து வாங்குவதென்றால் காசு போட முதல் இலையின் அடியைக் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நேரான வெட்டுக்கோடு தெரிந்தால் வேண்டாம்.

என் தட்டில் அடியோடு வந்த இரண்டில் ஒன்று பிழைத்திருக்கிறது. இளஞ்சிவப்பாய் மயிர் போல வேர், அதன் நடுவில் மிளகளவு ஒரு குட்டி. லோலாவா, பேர்ளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

போன கிழமை அதே விளம்பரப் படத்தை வேறொரு பெயரில் கண்டேன். நீலக் கட்டம் போட்ட மேசைத்துணி, இடப்பக்கம் காது உடைந்த வெள்ளைக் கோப்பை. விலை இப்போது 3,800.